ஃபேஜ் மருந்து என்று ஒருவர் விற்க வந்தார். கோழிக்குஞ்சுகளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?

குலசேகரத்தான் | திங்கள், இரவு 9.14

எல்லாருக்கும் வணக்கம். குலசேகரத்துக்கு மேலே, ரப்பர்த் தோட்டத்தை ஒட்டி ஒரு ஷெட் வைத்திருக்கிறேன். 2,500 கறிக்கோழி பிடிக்கும். கம்பெனிக்கு வளர்ப்பதில்லை. குஞ்சு, தீவனம் எல்லாம் என் காசு. மார்த்தாண்டம், களியக்காவிளைக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். செத்தால் முழு நட்டமும் என் தலையில்தான்.

கடந்த இரண்டு பேட்சிலும் முதல் பத்து நாளுக்குள் அடி விழுந்தது. முதலாவதில் 140, இரண்டாவதில் 310 குஞ்சு. காலையில் படுதாவை விலக்கினால் சூடு கொடுக்கும் புரூடர் பக்கம் போகாமல் நாலைந்து ஓரமாக நிற்கும். சிறகு தொங்கும், கண் பாதி மூடியிருக்கும், பின்பக்கம் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருக்கும். கையில் எடுத்தால் வயிறு தண்ணீர் நிரப்பிய பலூன் போல இருக்கும். மதியத்துக்குள் போய்விடும். மருந்துக்கடையில் சொல்லி என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தேன். முதல் பேட்சில் கேட்டது. இரண்டாவதில் கேட்கவே இல்லை.

போன வாரம் ஒருவர் பைக்கில் வந்தார். "ஆன்டிபயாடிக் இல்லை சார், பாக்டீரியாவைத் தின்கிற வைரஸ், பேர் ஃபேஜ். கழிச்சல், சளி, ராணிக்கெட் எல்லாத்துக்கும் இது ஒண்ணு போதும். குடிதண்ணீரில் ஊற்றினால் வேலை முடிஞ்சுது" என்றார். லிட்டர் 2,800 ரூபாய். பாட்டிலில் ஒரு சேவல் படமும் கம்பெனிப் பெயரும் மட்டும்தான் இருக்கிறது. அடுத்த பேட்ச் இறக்க மூன்று வாரம் இருக்கிறது. வாங்கலாமா? யாராவது உபயோகித்துப் பார்த்தீர்களா?


களியக்காவிளை_லோடு | திங்கள், இரவு 9.31

காசு கொடுத்து வைரஸ் வாங்குகிற காலம் வந்துவிட்டதா அண்ணாச்சி? ஆலப்புழையில் பறவைக்காய்ச்சல் வரும்போதெல்லாம் செக்போஸ்டில் என் வண்டியை நிறுத்தித் தூவல் தூவலாகப் பார்க்கிறார்கள். நீங்கள் என்னடாவென்றால் பாட்டிலில் கொண்டுவரச் சொல்கிறீர்கள்.


அருமனை_மலையன் | திங்கள், இரவு 9.50

சுத்தத் தட்டிப்பு. ஈ.எம். கரைசல், வெள்ளிநீர், காந்தத் தண்ணீர் என்று வருடத்துக்கு ஒன்று வரும். இந்த வருடத்துக்கு இது. மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுங்கள்.


நுண்ணோக்கி | திங்கள், இரவு 11.20

தக்கலைக்காரன். இப்போது வெளியூரில் நுண்ணுயிரியல் ஆராய்ச்சி மாணவன். கோழி என் துறை இல்லை, ஃபேஜ் ஓரளவு தெரியும்.

மலையன் அண்ணன் சொன்னதில் பாதி சரி. அந்த விற்பனையாளர் சொன்னது தட்டிப்பு. ஆனால் ஃபேஜ் தட்டிப்பு இல்லை. பதினொன்றாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். பலகோணத் தலை, குழாய் போல உடல், கீழே சிலந்திக்கால். அதுதான் பாக்டீரியோஃபேஜ். பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ். கோழியின் செல்லையோ நம் செல்லையோ அது தொடாது.

அது "தின்பது" என்பது பேச்சுக்குத்தான். பாக்டீரியாவின் மேல்தோலில் குறிப்பிட்ட ஒரு புரதத்தையோ சர்க்கரைச் சங்கிலியையோ அடையாளம் பார்த்து ஒட்டும். தன் மரபுப் பொருளை உள்ளே செலுத்தும். பாக்டீரியாவின் பட்டறையிலேயே தன்னைப் போல நூறு உருவாக்கிவிட்டு, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவைத் தாக்கும் டி4 என்ற ஃபேஜுக்கு இதற்கு ஏறக்குறைய அரைமணி நேரம் போதும். ஒன்று நூறாகும், பக்கத்தில் இரை இருந்தால் ஒரு மணி நேரத்தில் பத்தாயிரம். இரை தீர்ந்ததும் பெருக்கம் நின்றுவிடும். ஆன்டிபயாடிக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இதுதான், மருந்து தானே பெருகாது.

கோழிக்கும் ஃபேஜுக்கும் பழைய உறவு. ஃபேஜை 1915-இல் இங்கிலாந்தில் ஃப்ரெடரிக் ட்வார்ட் பார்த்தார், 1917-இல் பாரிஸில் ஃபெலிக்ஸ் தெரெல் தனியாகக் கண்டுபிடித்துப் பெயரும் வைத்தார். அதே தெரெல் 1919-இல் பிரான்ஸ் கிராமங்களில் கோழி டைஃபாய்டு பரவியபோது கோழி எச்சத்திலிருந்தே ஃபேஜைப் பிரித்தெடுத்துக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பென்சிலினை ஃப்ளெமிங் கண்டது 1928-இல். அதாவது ஆன்டிபயாடிக்குக்கு முன்பே கோழிக்கு ஃபேஜ் கொடுத்தாயிற்று. பிறகு மலிவான ஆன்டிபயாடிக் வந்ததும் மேற்கு நாடுகள் இதைக் கைவிட்டன. ஜார்ஜியாவின் திபிலீசியில் 1923-இல் தொடங்கிய எலியாவா நிறுவனம் போன்ற சில இடங்களில் மட்டும் விடாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

இனி உங்கள் விற்பனையாளரிடம் வருவோம். ராணிக்கெட்டுக்கும் கேட்கும் என்றாரே, அங்கேயே தெரிந்துவிட்டது. ராணிக்கெட் வைரஸ் நோய். ஃபேஜ் வைரஸை ஒன்றும் செய்யாது. ரப்பர் வெட்டுகிற கத்தியை வைத்துத் தேங்காய் பொதிக்கலாம் என்று சொல்கிற மாதிரி.


தோவாளை_அக்கா | செவ்வாய், காலை 6.40

நான் வீட்டில் நாற்பது நாட்டுக்கோழி வளர்க்கிறேன். எங்களுக்கு வெள்ளைக்கழிச்சல்தான் எமன். இரண்டு வருடம் முன்பு ஒரே வாரத்தில் கூடு காலி. அப்படியானால் இது வெள்ளைக்கழிச்சலுக்கு ஆகாதா தம்பி?


கால்நடைக்காரன் | செவ்வாய், காலை 8.05

அரசு கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். அக்காவின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இதில் ஒரு குழப்பம் இருக்கிறது.

நம் பக்கம் வெள்ளைக்கழிச்சல் என்றால் ராணிக்கெட். பெரிய கோழி, குஞ்சு என்று பார்க்காமல் கூட்டமாக அடிக்கும், கழுத்து திருகும், வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். அதற்குத் தடுப்பூசியும் சொட்டு மருந்தும்தான், வேறு வழி கிடையாது. ஆனால் சால்மோனெல்லா புல்லோரம் என்ற பாக்டீரியாவும் குஞ்சுகளை வெள்ளையாகக் கழிய வைக்கும். அது தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடும். பின்பக்கம் வெள்ளையாக ஒட்டியிருந்தது என்றால் இதுவா அதுவா என்று வெளியிலிருந்து பார்த்து நானும் சொல்ல முடியாது, பாட்டில் விற்கிறவரும் சொல்ல முடியாது.

குலசேகரத்துத் தம்பி, நீங்கள் எழுதியதில் "தண்ணீர் நிரப்பிய பலூன்" என்ற வார்த்தையில்தான் என் கண் நின்றது. செத்த குஞ்சு ஒன்றையாவது அறுத்துப் பார்த்தீர்களா?


குலசேகரத்தான் | செவ்வாய், காலை 8.30

இல்லை சார். குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டேன். அறுத்துப் பார்க்க மனசு வரவில்லை என்பதுதான் உண்மை.


கால்நடைக்காரன் | செவ்வாய், காலை 9.10

மனசு வராதுதான், ஆனாலும் அறுத்தே ஆக வேண்டும். குஞ்சு பொரியும்போது மிச்ச மஞ்சள்கரு வயிற்றுக்குள் போகும், நாலைந்து நாளில் உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். தொப்புள் வழியாகக் கிருமி போய்விட்டால் உறிஞ்சாது. வயிற்றைத் திறந்தால் அந்தப் பை பெருத்து, மஞ்சளாக இல்லாமல் பச்சையும் பழுப்புமாகக் கலங்கி, நாற்றம் மூக்கில் அடிக்கும். பெரும்பாலும் ஈ.கோலைதான் காரணம். கொஞ்சம் வளர்ந்த குஞ்சில் அதே கிருமி மூச்சுப்பை வழியாகப் போனால் ஈரல் மேலும் இதயத்தைச் சுற்றியும் பால் ஏடு படிந்த மாதிரி வெள்ளைப் படலம் இருக்கும். கத்தி நுனியால் உரித்தால் உரிந்து வரும்.

இனி யாருக்காவது அடி விழுந்தால், புதிதாகச் செத்ததும் சாகப்போகிற நிலையில் உள்ளதுமாக நாலைந்தை எடுத்து, தெர்மகோல் பெட்டியில் ஐஸ் பையோடு வைத்து மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குக் கேட்கும் என்றும் பார்த்துச் சொல்வார்கள். திருநெல்வேலி ராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் நமக்குத் தூரமில்லை.

என்ரோஃப்ளாக்சசின் பற்றியும் ஒரு வார்த்தை. மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற பழக்கத்தால்தான் இரண்டாவது பேட்சில் கேட்காமல் போகிறது. அமெரிக்காவில் 2005-லேயே கோழிகளுக்கு அந்த மருந்தைக் கொடுக்கும் அனுமதியை எடுத்துவிட்டார்கள், மனிதருக்கு வருகிற கேம்பைலோபாக்டர் கிருமி அந்த வகை மருந்துகளுக்குக் கேட்காமல் போகிறது என்று. நம் நாட்டில் 2019 ஜூலையில் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் தடை செய்தார்கள். அதற்கு முன்பு அதை நானே எத்தனையோ பண்ணைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஐ.சி.யூ.வில் கிடக்கிற மனிதனுக்குக் கடைசியாகக் கொடுக்கிற மருந்து அது என்று அப்போது யோசிக்கவில்லை. ஆன்டிபயாடிக் இல்லாமல் ஒரு வழி வந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவன் நான்தான். ஆனால் பாட்டிலில் சேவல் படம் மட்டும் போட்டு வந்தால் கையில் தொடமாட்டேன்.


மார்த்தாண்டம்_கோழிக்கடை | செவ்வாய், பிற்பகல் 3.15

கடைக்காரன் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களில் பத்துக்கு மூன்று பேர் "ஊசி போட்ட கோழியா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்கள். இனி "வைரஸ் கொடுத்த கோழியா?" என்று கேட்டால் நான் என்ன சொல்லட்டும்? சாப்பிட்டால் ஒன்றும் ஆகாதா?


நுண்ணோக்கி | செவ்வாய், மாலை 6.50

ஒன்றும் ஆகாது அண்ணாச்சி. நாம் தினமும் சாப்பிடுவதில் எல்லாம் ஃபேஜ் இருக்கிறது. தயிரில், கீரையில், குடலில். முட்டம் கடற்கரையில் குளிக்கும்போது ஒரு வாய்த் தண்ணீர் குடித்திருப்பீர்களே. கடலின் மேல்நீரில் ஒரு மில்லிக்கு ஒரு கோடி அளவில் வைரஸ் இருக்கும், பெரும்பாலும் ஃபேஜ்தான். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2006-இல் லிஸ்டீரியா கிருமிக்கு எதிரான ஃபேஜ் கலவை ஒன்றை, சமைத்து விற்கிற இறைச்சி, கோழி வகைகளின் மேல் தெளிக்க உணவுச் சேர்க்கையாகவே அனுமதித்தது. 

உண்மையில் உங்கள் கடைக்குத்தான் இந்த விஷயம் அதிகம் பொருந்தும். சால்மோனெல்லாவும் கேம்பைலோபாக்டரும் குடலில் இருந்தாலும் கோழி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், நோய் வருவது சாப்பிடுகிறவருக்கு. அதனால் வெளிநாட்டு ஆராய்ச்சியில் பாதி "கோழியைப் பிழைக்க வைப்பது" பற்றியே இல்லை, "அறுப்பதற்கு முன் குடலில் கிருமியைக் குறைப்பது" பற்றித்தான்.

2005-இல் நெதர்லாந்தில் செய்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். கேம்பைலோபாக்டர் ஏறிய கோழிகளுக்கு ஃபேஜ் கொடுத்ததும் குடலில் கிருமி ஆயிரத்தில் ஒரு பங்காக விழுந்தது. ஆனால் ஐந்து நாள் கழிந்தபோது மறுபடி ஏறி, கொடுக்காத கோழிகளில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் நின்றது. விற்கிறவர்கள் முதல் எண்ணை மட்டும்தான் சொல்வார்கள். இதிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கொண்டது, கொடுப்பதானால் அறுப்புக்கு ஓரிரு நாள் முன்பு கொடு என்பது. 40 நாள் கோழிக்கு முதல் நாளே ஊற்றிவிட்டால் பலன் கடைசி நாள் வரை நிற்காது.


அருமனை_மலையன் | செவ்வாய், இரவு 8.22

சரி, நீங்கள் சொல்வதைப் படித்தபின் ஒரு யோசனை. தெரெல் என்றவர் கோழி எச்சத்திலிருந்துதானே எடுத்தார்? அப்படியானால் 2,800 ரூபாய் எதற்கு? பிழைத்த கோழியின் எச்சத்தைக் கரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, குஞ்சுகளுக்குக் குடிக்கக் கொடுத்தால் போதுமே. பஞ்சகவ்யம் செய்கிற மாதிரி நாமே செய்துகொள்ளலாம்.


களியக்காவிளை_லோடு | செவ்வாய், இரவு 8.25

நேற்று தட்டிப்பு என்றவர் இன்று தொழிற்சாலை திறக்கிறார். கொள்ளாம் மக்கா.


கால்நடைக்காரன் | செவ்வாய், இரவு 8.40

தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். துணியில் வடிகட்டினால் ஃபேஜும் வரும், அதோடு சால்மோனெல்லாவும் ரத்தக்கழிச்சல் கிருமியின் நுண்ணிய முட்டைகளும் வரும். மிச்சமிருக்கிற குஞ்சுகளுக்கும் நீங்களே நோயை ஊட்டுவீர்கள்.


நுண்ணோக்கி | செவ்வாய், இரவு 10.15

டாக்டர் சார் சொன்னதோடு இன்னொன்று. எல்லா ஃபேஜும் பாக்டீரியாவை உடைப்பதில்லை. சில வகை உள்ளே போய், பாக்டீரியாவின் மரபணுவோடு தன்னைச் சேர்த்துக்கொண்டு சும்மா படுத்துக்கொள்ளும். பாக்டீரியா பெருகப் பெருக அதுவும் கூடவே பெருகும். இந்த உறங்கும் வகைதான் ஆபத்து. காலரா கிருமிக்கும் தொண்டை அடைப்பான் கிருமிக்கும் நஞ்சு செய்யும் மரபணுவைக் கொண்டுவந்து கொடுத்ததே இப்படிப்பட்ட ஃபேஜ்கள்தான். சாதுவாக இருந்த பாக்டீரியாவைக் கொலைகாரனாக்கிவிடும். அதனால் மருந்தாக எடுக்கும் ஃபேஜ் உடைக்கும் வகைதானா, நஞ்சு மரபணு இருக்கிறதா, மருந்துக்குக் கேட்காமல் செய்யும் மரபணு இருக்கிறதா என்று அதன் மரபணு முழுவதையும் படித்துப் பார்த்த பிறகுதான் விடுவார்கள். துணியால் வடிகட்டி இதைக் கண்டுபிடிக்க முடியாது மலையன் அண்ணன்.


அருமனை_மலையன் | செவ்வாய், இரவு 10.31

சரி, விட்டுவிட்டேன். மஞ்சள் மட்டும் தொடரும்.


குலசேகரத்தான் | புதன், காலை 7.00

நல்ல வேளை கேட்டேன். ஒரே ஒரு சந்தேகம் தம்பி. பாட்டிலில் இருப்பது உண்மையான, நல்ல ஃபேஜ் என்றே வைத்துக்கொள்வோம். என் குஞ்சுகளுக்கு வந்தது டாக்டர் சார் சொன்ன ஈ.கோலை என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது வாங்கலாமா?


நுண்ணோக்கி | புதன், இரவு 9.45

இதற்கு "ஆம்" என்று ஒரு வார்த்தையில் சொல்ல ஆசைதான், முடியவில்லை.

அமெரிக்க வேளாண் துறையின் ஆராய்ச்சியாளர்கள் ஆர்கன்சாவில் இதைத்தான் சோதித்தார்கள், 2002 வாக்கில் கட்டுரைகள் வந்தன. கறிக்கோழிக் குஞ்சுகளின் மூச்சுப்பையில் ஈ.கோலையை ஏற்றி, ஃபேஜைப் பல வழியில் கொடுத்தார்கள். தசையில் ஊசியாகப் போட்டது நன்றாகக் காப்பாற்றியது. பனிபோலத் தெளித்தது, நோய்க்கு முன்னாலேயே தெளித்திருந்தால் காப்பாற்றியது. குடிதண்ணீரில் கலந்தது? ஒரு பலனும் இல்லை. நோய் மூச்சுப்பையிலும் ரத்தத்திலும் இருக்கிறது, மருந்து குடலில் இருக்கிறது. போய்ச் சேரவே இல்லை. உங்களுக்குச் சொல்லப்பட்ட வழியும் குடிதண்ணீர்தான். 2,500 குஞ்சுக்கு ஒவ்வொன்றாக ஊசி போடுவது யாரால் ஆகும்?

குடல் நோய் என்றால் கதை வேறு. குடலை அழுக வைக்கும் கிளாஸ்டிரிடியம் கிருமிக்கு எதிரான ஃபேஜ் கலவையைக் கொடுத்தபோது, கொடுக்காத கோழிகளோடு ஒப்பிட்டால் இறப்பு 92 சதவீதம் குறைந்தது என்று 2010-இல் ஒரு கட்டுரை வந்தது. எண்ணைப் பார்த்து நானும் வாயைப் பிளந்தேன். ஆனால் எழுதியவர்களில் அந்தக் கலவையைத் தயாரிக்கும் நிறுவனத்தாரும் உண்டு, அதையும் மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். இன்னொரு பக்கம், இங்கிலாந்தில் 2007-இல் மூன்று சால்மோனெல்லா வகைக்கு மூன்று ஃபேஜ் கொடுத்தார்கள். என்டெரிடிடிஸ் வகை பத்தாயிரம் மடங்குக்கு மேல் குறைந்தது, டைஃபிமூரியம் நூறு மடங்கு, ஹதார் என்ற மூன்றாவது வகை அசையவே இல்லை. மூன்றுமே சால்மோனெல்லாதான், ஒரே குடும்பம். ஆளுக்கு ஆள் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது "கழிச்சல், சளி எல்லாத்துக்கும் ஒன்று" என்பதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களே பாருங்கள்.

அந்த மனிதர் மறுபடி வந்தால் கேளுங்கள். எந்தக் கிருமிக்கு, அதில் எந்த வகைக்கு? ஒரு மில்லியில் எத்தனை ஃபேஜ் (பத்துக் கோடி, நூறு கோடி என்று ஒரு எண் சொல்லியாக வேண்டும்)? எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும், எத்தனை நாள் தாங்கும்? பைக் பெட்டிக்குள் மத்தியான வெயிலில் சுற்றிவந்த பாட்டிலில் எத்தனை உயிரோடு இருக்கும் என்பது அவருக்கே வெளிச்சம். பெரும்பாலான ஃபேஜுக்குக் குளிர்பெட்டிதான் வீடு.


தோவாளை_அக்கா | வியாழன், காலை 6.15

தண்ணீரில் ஊற்றுவது என்றதும் எனக்கு ஒன்று ஓர்மை வந்தது. ராணிக்கெட் தடுப்பு மருந்தான லசோட்டாவைக் குடிதண்ணீரில் கொடுக்கும்போது பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் கூடாது, ப்ளீச்சிங் பவுடர் மருந்தைக் கொன்றுவிடும், கிணற்று வெள்ளத்தில் கொஞ்சம் பால் பவுடர் கரைத்துக் கொடு என்று கால்நடை ஆஸ்பத்திரியில் சொல்லித் தருவார்கள். இதற்கும் அதே கதைதானா?


நுண்ணோக்கி | வியாழன், காலை 8.50

அக்கா, அதே கதைதான். குளோரின் ஃபேஜையும் கொல்லும். பண்ணைத் தொட்டியில் குளோரின் போட்டுவிட்டு மேலே ஃபேஜை ஊற்றினால் 2,800 ரூபாயைச் சாக்கடையில் ஊற்றிய மாதிரி. கோழியின் இரைப்பை அமிலமும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். அதனால்தான் மேலே சொன்ன இங்கிலாந்துச் சோதனையில் அமிலமுறிவு மருந்தோடு கலந்து கொடுத்தார்கள். இதெல்லாம் பாட்டிலோடு வருகிற தாளில் எழுதியிருக்க வேண்டும்.


கால்நடைக்காரன் | வியாழன், காலை 9.30

அக்காவின் பேச்சு நல்ல இடத்தில் வந்து நின்றது. குலசேகரத்துத் தம்பி, உங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கோழி கொத்திக் குடிக்கிற நிப்பிள் குழாயைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? குஞ்சு வந்த அன்று வெல்லம் கரைத்து விட்டீர்களா?


குலசேகரத்தான் | வெள்ளி, இரவு 10.05

சார், நீங்கள் கேட்டபிறகுதான் பார்த்தேன். இங்கே எழுதவே வெட்கமாக இருக்கிறது.

தண்ணீர் கிணற்றுத் தண்ணீர். தொட்டி மேலே. வெல்லம் ஒவ்வொரு பேட்சுக்கும் முதல் நாள் கரைத்து விடுவேன், அப்புறம் வைட்டமின், எலக்ட்ரோலைட். எல்லாம் அதே குழாயில், உள்ளே இருக்கிற கிருமிக்கும் அதுவே தீனி. குழாயைக் கழுவியது என்றால், வெறும் தண்ணீரைத் திறந்துவிட்டதுதான். இன்று கடைசி முனையில் மூடியைக் கழற்றி விரலை விட்டேன். கஞ்சி ஆடை மாதிரி, இளம்பழுப்பாக, வழவழவென்று விரலில் சுற்றிக்கொண்டு வந்தது. மோந்து பார்த்தால் புளித்த நாற்றம். எழுபது அடிக் குழாய் முழுக்க அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டு பேட்ச் குஞ்சும் பிறந்த மறுநாளிலிருந்து இதைத்தான் குடித்திருக்கிறது.

கிணற்றுக்கு மேல்பக்கம்தான் போன பேட்சின் ஆழ்கூளத்தை, அதாவது ஷெட் தரையில் எச்சம் கலந்து கிடந்ததைக் குவித்து வைத்திருந்தேன், வாழைக்குப் போட. ஜூனில் மழை இங்கே எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். பக்கத்துப் பண்ணையில் ஏழு நாள் குஞ்சு சாகிறது என்று கேள்விப்பட்டு, (ஒரே வண்டியில் வந்த குஞ்சு, கிணறும் ஒரே சரிவு) அங்கிருந்து நாலு குஞ்சை ஐஸ் பெட்டியில் வைத்து நானே நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனேன். என் கண்முன்னேயே அறுத்தார்கள். மஞ்சள்கருப் பை சார் சொன்ன அதே பச்சை.


களியக்காவிளை_லோடு | வெள்ளி, இரவு 10.20

அந்தக் குஞ்சு வண்டியை ஓட்டியது நானில்லை என்று இங்கேயே பதிவு செய்துகொள்கிறேன்.


குலசேகரத்தான் | அடுத்த புதன், மாலை 5.30

முடிவு வந்துவிட்டது. குஞ்சில் ஈ.கோலை. என்ரோஃப்ளாக்சசினுக்கு அசையவில்லை, டெட்ராசைக்ளினுக்கும் இல்லை. கிணற்றுத் தண்ணீரில் கோலிஃபார்ம் கிருமியும், மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலையும் இருக்கிறது. பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் காட்டிவிட்டேன். 

பாட்டில்காரர் நேற்று மறுபடி வந்தார். நுண்ணோக்கித் தம்பி சொன்ன கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். "எந்தக் கிருமிக்கு?" "எல்லாத்துக்கும் சார்." "ஒரு மில்லியில் எத்தனை?" "ஃபுல்லா இருக்கும் சார்." கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. பாவம், அவரும் மாதச் சம்பளத்துக்குச் சுற்றுகிறார். கடைசியில் "நீங்களே டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்று அரை பாட்டில் சும்மா கொடுத்துவிட்டுப் போனார். ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். தம்பி, அதற்கு ஒரு சோதனை உண்டு என்றீர்களே?


நுண்ணோக்கி | அடுத்த புதன், இரவு 9.00

இங்கே எழுதவில்லை, தனிச்செய்தியில் சொன்னேன். கைடிடம் கேட்டுவிட்டேன், அனுமதி கிடைத்தது. பாட்டில், ஆய்வகத்திடம் கேட்டு வாங்கிய அந்த ஈ.கோலை, இரண்டையும் அவர்கள் சொல்கிற முறையில் அனுப்புங்கள். கூடவே உங்கள் ஷெட் கழிவுநீர் ஓடையிலிருந்து ஒரு சிறு குப்பியும். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.


நுண்ணோக்கி | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.40

செய்தது என்ன என்று முதலில் சொல்கிறேன். கண்ணாடித் தட்டில் கூழ் ஊற்றி அதன் மேல் உங்கள் ஈ.கோலையைப் பரப்பினால், ஒரு இரவில் ஜன்னலில் பனி படிந்த மாதிரி தட்டு முழுக்க மங்கலாக வளர்ந்துவிடும். பரப்பிய உடனே ஆங்காங்கே ஒரு சொட்டுச் சந்தேகத் திரவம் வைப்போம். அதில் அந்தக் கிருமியைக் கொல்லும் ஃபேஜ் இருந்தால், சொட்டு விழுந்த இடம் மட்டும் பனியை விரலால் துடைத்த மாதிரி தெளிந்திருக்கும்.

பாட்டில் மருந்து எட்டுச் சொட்டு வைத்தேன். எட்டும் மங்கல். உங்கள் கிருமியை அது தொடவில்லை. பாட்டிலுக்குள் ஃபேஜே இல்லை என்று இதை வைத்துச் சொல்லமாட்டேன், வேறு ஏதாவது கிருமிக்கான ஃபேஜாக இருக்கலாம், வெயிலில் செத்திருக்கலாம். உங்களுக்கு ஆகாது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஒன்பதாவது சொட்டு உங்கள் ஓடைத் தண்ணீர். பாக்டீரியா புகமுடியாத நுண்வடிகட்டியில் வடித்து வைத்தேன். அது தெளிந்தது! கிருமிநாசினி ஏதாவது கலந்து தெளிந்ததோ என்ற சந்தேகத்தில் நூறு மடங்கு, பத்தாயிரம் மடங்கு நீர்த்து மறுபடி வைத்தேன். ரசாயனம் என்றால் நீர்க்க நீர்க்க மங்கி மறைந்துபோகும். இது ஊசித்தலை அளவில் தனித்தனி வட்டங்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு வட்டமும் ஒரு ஃபேஜிலிருந்து தொடங்கியது. எண்ணினேன், பதினேழு.


குலசேகரத்தான் | ஞாயிறு, இரவு 8.55

அப்படியானால் என் ஓடையிலேயே இருந்ததா?


அருமனை_மலையன் | ஞாயிறு, இரவு 9.02

நான் அன்றைக்கே சொன்னேன், எச்சத்தில் இருக்கிறது என்று. யாராவது இப்போது ஒத்துக்கொள்ளுங்கள்.


நுண்ணோக்கி | ஞாயிறு, இரவு 9.20

ஒத்துக்கொள்கிறேன் மலையன் அண்ணன். இருக்கிறது என்பது சரி, ஊற்றலாம் என்பது தப்பு. இது உடைக்கும் வகையா உறங்கும் வகையா, என்ன மரபணு சுமக்கிறது, கோழியின் 41 டிகிரி உடல் சூட்டில் வேலை செய்யுமா என்று பார்க்கவே மாதக்கணக்கு ஆகும். கைடுக்கு ஆர்வம் வந்துவிட்டது, குளிர்பெட்டியில் வைத்திருக்கிறோம். ஓடையைத் தொட்டியில் கலந்துவிடாதீர்கள் குலசேகரத்து அண்ணாச்சி, கெஞ்சிக் கேட்கிறேன்.


கால்நடைக்காரன் | ஞாயிறு, இரவு 9.45

குழாய் என்ன ஆயிற்று?


குலசேகரத்தான் | ஞாயிறு, இரவு 10.10

ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி ஒரு இரவு ஊற வைத்து, காலையில் திறந்துவிட்டேன் சார். முதலில் வந்தது பார்க்கச் சகிக்கவில்லை, கொழகொழவென்று துண்டு துண்டாக. மூன்று தடவைக்கு அப்புறம்தான் தெளிந்தது. பழைய பகுதி இருபது அடி வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போட்டேன். ஆழ்கூளக் குவியலைக் கிணற்றுக்குக் கீழ்ப்பக்கம் மாற்றியாயிற்று. கிணற்றில் குளோரின் போட்டு மறுபடி தண்ணீர் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை வெல்லம் கிடையாது. வைட்டமினும் குழாயில் இல்லை, கையால் ஊற்றுகிற தட்டில்தான்.

ஒரு வாரம் தள்ளி வைத்தேன், வெள்ளிக்கிழமை குஞ்சு வருகிறது. பாட்டில் மிச்சம் இன்னும் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. மீன் வைக்க இடமில்லை என்று வீட்டில் சத்தம்.